மூன்று அடுப்பும் ஒரு துட்டியும்

ஒப்பிட்டுப் பார்க்கும் வியாதி எனக்குத் தொழிலால் வந்தது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவன் நான். காலையிலிருந்து சாயங்காலம் வரை இருட்டு அறைக்குள் நின்றுகொண்டு, "இதுல நல்லாத் தெரியுதா, இல்ல இதுல நல்லாத் தெரியுதா?" என்று கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பதுதான் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர், "ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு" என்பார்கள். நான் விடமாட்டேன். இன்னொரு தடவை மாற்றிப் போடுவேன். இப்படியே பழகி, கத்தரிக்காய் வாங்கப் போனாலும் கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு நின்றுவிடும் ஆளாகிவிட்டேன். (கத்தரிக்காய்க்காரம்மா என்னைத் தூரத்தில் கண்டதுமே தராசைச் சாக்கால் மூடிவிடுவாள்.)

இந்த வியாதி நன்றாக முற்றியிருந்த காலத்தில்தான் அடுப்புகள் வந்து சேர்ந்தன.

திசையன்விளைக்காரன் செல்வின் என்னோடு கல்லூரியில் படித்தவன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு இமயமலைப் பக்கம் ஒரு வாரம் நடந்துவிட்டு வரலாம் என்று திடீரென்று ஒருநாள் போன் செய்தான். கூடாரம் அவன் பொறுப்பு. அடுப்பு என் பொறுப்பு.

"கேஸ் டப்பாவ விமானத்துல ஏத்த விடமாட்டான்லே. சுள்ளிய ஒடிச்சுப் போட்டா எரியுத மாதிரி குட்டி அடுப்பு இப்பம் நெறைய வந்திருக்கு. நீதான் ஒப்பிட்டுப் பாக்கதுல மன்னன்லா. எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு."

மன்னன் என்று ஒருவன் சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா. ஆளுக்குப் பாதி போட்டு இரண்டு அடுப்பு வரவழைத்தோம். முதலாவது, மடிப்பு அடுப்பு. ஐந்து எஃகுத் தகடுகள். மடித்தால் ஒரு நோட்டுப் புத்தகம் போலப் பைக்குள் போய்விடும். ஒன்றில் ஒன்றைச் செருகி நிறுத்தினால் பெட்டி மாதிரி நிற்கும். (செருகும்போது கட்டைவிரலும் சேர்ந்து செருகிக்கொள்ளும்.) இரண்டாவது, இரட்டைச் சுவர் அடுப்பு. பெரிய டம்ளர் ஒன்றுக்குள் சின்ன டம்ளரை வைத்த மாதிரி இருக்கும். இரண்டு சுவருக்கும் நடுவே காற்று ஏறி, சூடாகி, மேலே இருக்கும் துளைகள் வழியாக வந்து, புகையையே பிடித்து எரித்துவிடும் என்று அட்டைப் பெட்டியில் படம் போட்டிருந்தது. மூன்றாவது நானே செய்தது. அக்கா பிள்ளையின் பால்பவுடர் டப்பாவில் ஆணியால் சுற்றிலும் ஓட்டை போட்டேன். செலவே இல்லாத அடுப்பையும் சேர்த்துப் பார்த்தால்தானே ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

வீடு சேரன்மாதேவியில். முதல் சோதனையைப் பின்வாசலில் நடத்தினேன். புகையைப் பிடித்து எரிக்கும் அடுப்பு அன்றைக்கு எதையும் பிடிக்கவில்லை. துளைக்கு மேலே சுள்ளியை நிரப்பக் கூடாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ரைஸ்மில் குழாய் போலப் போன புகை, கொடியில் கிடந்த சேலை வேட்டியை எல்லாம் தாண்டி அடுப்பங்கரைக்குள் நுழைந்தது. மறுநாளும் நடத்தினேன். அதற்கு மறுநாளும். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியேதான் அந்த வாரம் முழுக்கச் சமைத்தாள்.

அப்பா ஊரில் உரக்கடை வைத்திருந்தவர். கடையை விட்டுப் பல வருஷம் ஆனபோதும் ஊருக்கு அவர் உரக்கடை அண்ணாச்சிதான். அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"முப்பத்தொரு வயசுல அடுப்பு வச்சு வெளையாடுதான். சமைஞ்ச பொம்பளப் பிள்ளகூட இத விட்டுரும். இந்தச் சவத்தத் தூக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போயிரு. நீ செய்யுத கூத்து ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது, ஆமா."

ஆகவே மறுநாள் காலை மூன்று அடுப்பையும் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு, ஆள் அதிகம் வராத ஒரு படித்துறையாகப் பார்த்துப் போனேன். மருத மரங்களின் அடியில் காய்ந்த சுள்ளி வேண்டிய மட்டும் கிடந்தது. மலைப்பக்கம் போயிருக்கலாமே என்று கேட்காதீர்கள். அங்கே காட்டுக்குள் தீக்குச்சி உரசினாலே வனத்துறை ஜீப்பில் ஏற்றிவிடும்.

இந்த இடத்தில் என் தோற்றத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பத்து நாள் முன்னால்தான் திருச்செந்தூரில் எனக்கு மொட்டை போட்டிருந்தார்கள். பெண் அமைய வேண்டும் என்று அம்மா நேர்ந்துகொண்டது. (பெண் பார்க்கப் போக வேண்டியவனுக்கு மொட்டையைப் போட்டுவிடுவதில் என்ன சூட்சுமம் என்பது முருகனுக்குத்தான் வெளிச்சம்.) முடியிறக்கியவரிடம் மீசையைக் கொஞ்சம் ஒதுக்கச் சொன்னேன். ஒரு பக்கம் கூடிவிட்டது என்றேன். அதைக் குறைத்தார். இப்போது மறுபக்கம் கூடுதலாகத் தெரிந்தது. இப்படி இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கடைசியில் ஒப்பிட ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆற்றங்கரையில் ஆனி மாதத்து மேல்காற்று. முதல் பத்து நிமிஷத்திலேயே ஒரு பொறி பறந்து சட்டையில் ஓட்டை போட்டது. சட்டையைக் கழற்றினேன். சாம்பல் பறந்து மேலெல்லாம் ஒட்டியது. ஆற்றில் ஒரு முங்கு போட்டுவிட்டு ஈர வேட்டியோடு வந்து உட்கார்ந்தேன். வேர்த்த நெற்றியைச் சாம்பல் கையால் துடைத்தேன். காற்று அணைக்காத திசையாகத் தேடித் தேடி, கடைசியில் தெற்கே பார்த்துச் சம்மணம் போட்டிருந்தேன்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தால் போதாது, சோறு வெந்து காட்ட வேண்டும் என்பது செல்வினின் கட்டளை. மூன்று குட்டிப் பாத்திரத்தில் ஒரே அளவு அரிசி, ஒரே அளவு தண்ணீர். மூன்று அடுப்பையும் வரிசையாகப் படியில் வைத்துப் பற்றவைத்தேன். அங்கங்கே என்ன நடக்கிறது என்பதைப் போனில் பேசிப் பதிவு செய்தேன். நடுவில் யாரும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்று போனை விமானத்தில் வைப்பது போல் அமர்த்தி வைத்திருந்தேன்.

முடிவு இப்படி வந்தது. மடிப்பு அடுப்பில் பக்கவாட்டில் வாசல் இருந்ததால் நீளமான குச்சியைக்கூட ஒடிக்காமல் தள்ளிக்கொண்டே இருக்கலாம். ஆனால் அதே வாசல் வழியாகக் காற்று உள்ளே வந்து தீயை வெளியே தள்ளியது. சோறு ஒரு பக்கம் குழைந்து, ஒரு பக்கம் அரிசியாக இருந்தது. இரட்டைச் சுவர் அடுப்பு, துளைக்குக் கீழேயே விறகை நிறுத்தியதும், சொன்னபடி கேட்டது. மேல் துளைகளிலிருந்து சின்னச் சின்னத் தீ நாக்குகள் உள்பக்கமாக நீண்டன. புகை காணாமல் போனது. சோறு பூப்போல வெந்தது. பால் டப்பா முதலில் இரண்டையும்விட வேகமாகப் பற்றி, பெயின்ட் நாற்றத்தோடு கொழுந்துவிட்டு, பாதியிலேயே அணைந்துவிட்டது. குனிந்து ஊதினேன். ஓட்டையில் வாயை வைத்து ஊதினேன். அசையவில்லை.

செல்வினுக்கு வெந்த பதத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமே. பாத்திரத்துக்குள் கரிதான் தெரிந்தது. கொண்டுபோன வாழையிலையை விரித்து, ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு கை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். நன்றாக வெந்திருந்தால் உருண்டையாக நிற்கும், வேகாவிட்டால் உதிரும். அழுத்திப் பிடித்து எப்படியோ நிறுத்திய மூன்று உருண்டையையும் இலையில் வரிசையாக வைத்தேன். உதிர்ந்ததைப் படித்துறை ஓரத்தில் போட்டேன். எங்கிருந்தோ ஏழெட்டுக் காகங்கள் வந்து இறங்கின.

"குமாரு."

நிமிர்ந்தால் பரமசிவம் மாமா நின்றுகொண்டிருந்தார்.

அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவதை எங்கள் பக்கம் துட்டி கேட்கப் போவது என்போம். எங்கள் சொந்தத்தில் எந்தத் துட்டியானாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர் மாமா. பந்தல்காரன் அவருக்குப் பிறகுதான் வருவான். கல்யாணத்துக்குக் கூப்பிடாவிட்டால் பொறுத்துக்கொள்வார், துட்டி சொல்லாவிட்டால் பொறுக்கமாட்டார். பேத்தி கல்யாணத்துக்குப் பத்தமடையில் பாய் வாங்கிவிட்டு, திரும்பும் வழியில் ஆற்றைக் கண்டு குளிக்க இறங்கியிருக்கிறார். சுருட்டிய பாய் கக்கத்தில் இருந்தது. என் மொட்டையைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். காகத்தைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தபடியே நின்றார்.

"எப்பம்லே?" என்றார் பைய.

அடுப்பு எப்போது வந்தது என்று கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். "போன செவ்வாக்கெழம மாமா."

"ஒரு வார்த்த சொல்லலியேலே."

அடுப்பு வாங்கியதை இவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இருந்தாலும் பெரியவர். "யாருக்குமே சொல்லல மாமா. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னு அப்பா கண்டிசனாச் சொல்லிட்டாவ."

மாமா கண்ணை மூடித் திறந்தார். "தம்பிக்குமா?"

அப்பாவும் ஆறுமுகம் சித்தப்பாவும் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. "சித்தப்பாவுக்குத் தெரிஞ்சா அப்பா மனசு ஆறவே ஆறாது மாமா" என்றேன்.

"அம்மை எப்படி இருக்கா?"

"கண்ணுல தண்ணி நிக்கவே மாட்டேங்கு. தொடச்சுத் தொடச்சு ரெண்டு கண்ணும் வீங்கிப் போச்சு."

"இருக்காதா பின்ன." துண்டால் மூக்கைச் சிந்தினார். "எப்படிலே ஆச்சு?"

அவர் பார்வை கரிந்துபோய்க் கிடந்த பால் டப்பாமேல் இருப்பதாக எனக்குப் பட்டது. "எல்லாம் நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு மாமா. திடீர்னு அணைஞ்சு போச்சு. நானும் குனிஞ்சு, வாய வச்சு ஊதி ஊதிப் பாத்தேன்."

"வாய வச்சா?"

"ஆமா. காத்து உள்ளயே போகல."

"நீ செய்ய வேண்டியதச் செஞ்சுட்டலே. அதுக்கு மேல நம்ம கையில என்ன இருக்கு" என்று சொல்லி, என் மொட்டைத் தலையில் கையை வைத்து அழுதார்.

ஒரு தகர டப்பாவுக்காக அழுகிற மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க என்னைச் சுற்றியிருந்த எல்லோர் கண்ணிலும் தண்ணீர் வடிந்துகொண்டுதான் இருந்தது. புகை பட்டிருக்கும் என்று நினைத்து, "கொஞ்சம் அங்கன தள்ளி நில்லுங்க மாமா" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாயை எடுத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியேறிப் போனார். துட்டி வீட்டில்தான் அப்படிச் சொல்லாமல் போவார்கள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. வயதானால் மரியாதை மறந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வெந்த சோற்றை ஊறுகாயோடு தின்றுவிட்டு மருத மரத்தடியில் படுத்துத் தூங்கினேன்.

மாமா நேராகப் போனது அம்பாசமுத்திரத்துக்கு, ஆறுமுகம் சித்தப்பாவின் மருந்துக் கடைக்கு.

அண்ணன் தம்பிக்குள் என்ன சண்டை என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். அக்கா கல்யாணத்தின் மறுவீட்டுச் சாப்பாட்டில் சித்தப்பாவின் சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்கார்ந்த நேரத்தில், மறுவீடு என்றால் எங்கள் பக்கம் கட்டாயம் வைக்கும் தேங்காய்ப்பால் குழம்பான சோதி தீர்ந்துவிட்டது. சாம்பாரை ஊற்றியிருக்கிறார்கள். சம்பந்தி வீட்டாருக்குச் சோதி இல்லாமல் சாம்பாரை ஊற்றிய அவமானம் சித்தப்பாவால் தாங்க முடியவில்லை. "என் சம்பந்தின்னா ஒனக்கு எளக்காரமா" என்று அவர் கேட்க, "வேணும்னா தேங்காய நீ வாங்கிட்டு வந்திருக்கணும்" என்று அப்பா சொல்ல, அத்தோடு பேச்சு நின்றது. சித்தப்பா குடும்ப வாட்ஸப் குழுவில் சேர்ந்த அன்றைக்கு அப்பா அதிலிருந்து வெளியேறினார்.

போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இன்றைக்கு எல்லோரும் கேட்கிறார்கள். கேட்டால் என்னவென்று கேட்பது? சொல்லாமல் அடக்கம் செய்துவிட்ட வீட்டுக்குப் போன் போட்டு, செத்தது வாஸ்தவம்தானா என்றா? என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் போன்தான் விமானத்தில் இருந்ததே. மாமா தன் பங்குக்கு, குடும்பக் குழுவில் அப்பாவின் பழைய கல்யாண வீட்டுப் படம் ஒன்றைப் போட்டு, கீழே கைகூப்பும் படம் மூன்று வைத்து, "அண்ணாச்சி நம்மை விட்டுப் பிரிந்தார்" என்று எழுதிவிட்டார்.

நான் வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. அப்பா சாயங்காலக் குளியலுக்குப் போயிருந்தார். அம்மா முன்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் கரிப் பாத்திரங்களைப் பின்வாசலில் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு அழுகை.

எட்டிப் பார்த்தால் சித்தி. ஆறு வருஷமாக இந்த வாசலை மிதிக்காத சித்தி, "அக்கா" என்று ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கல்லிடைக்குறிச்சியில் சித்தியின் அம்மா ரொம்ப நாளாகப் படுக்கையில் கிடப்பது தெரியும். சரி, ஆச்சிதான் போய்விட்டாள் என்று அம்மாவும் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"கடைசியா ஒருதரம் மொகத்தப் பாக்க விடலியேக்கா" என்றாள் சித்தி.

"எனக்கே நீ சொல்லித்தானம்மா தெரியும்" என்றாள் அம்மா.

சித்தி அழுகையை நிறுத்தி அம்மாவை ஒரு கணம் பார்த்தாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்து, முன்னைவிடச் சத்தமாக அழுதாள்.

சித்தப்பா இதையெல்லாம் பார்க்கவில்லை. கூடத்துச் சுவரில் தாத்தாவின் படம் மாலையோடு தொங்கும். அதன் முன்னால் போய் நின்று, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். பெரிய ஆகிருதி அவருக்கு. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. பாத்திரம் தேய்க்கும் நாரைப் பிடித்தபடி கதவோரத்திலேயே நின்றுவிட்டேன்.

அப்போதுதான் அப்பா இடுப்பில் துண்டோடு, தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். அழும் பெண்களைப் பார்த்தார். தம்பியின் முதுகைப் பார்த்தார். துவட்டுவதை நிறுத்தினார். ஆறு வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"யாருடே போனது?"

சித்தப்பா திரும்பினார். அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதாம்ணே" என்றார்.

சித்தி அழுகை நின்றது. அம்மா அழுகை மட்டும் கொஞ்ச நேரம் தனியாக ஓடி, பிறகு நின்றது. சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த பரமசிவம் மாமா, அப்பாவைப் பார்த்ததும், பழக்க தோஷத்தில், "அண்ணாச்சி, நல்லாருக்கியளா?" என்று கேட்டார். "இருக்கேன்" என்றார் அப்பா.

அதற்கு மேல் எல்லோரும் திரும்பிப் பார்த்தது என்னை. மொட்டைத் தலை, கரிக் கை, கையில் நார். விசாரணை வெகுநேரம் நடந்தது. ஆற்றங்கரையில் மாமா கேட்டதையும் நான் சொன்னதையும் ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். அடுப்பு மூன்றையும் கூடத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்கள். "வாய வச்சு ஊதினேன்" என்ற இடம் வந்ததும் சித்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். "கோட்டிக்காரப் பய" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். அடி வாங்கியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சித்தப்பா சிரிக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அது கெடக்கட்டும்ணே. எனக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னு சாகும்போதும் சொல்லிட்டுப் போனன்னு சொன்னாவ. நானும் நம்பிட்டேன். கார்ல வரும்போது பூரா அதான் நெனப்பு. நீ அப்படிச் சொல்லக்கூடிய ஆளுதான்னு நெனச்சேன்."

அப்பா கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி கழற்றிப் போட்டார். பிறகு சித்தப்பா பக்கத்தில் போய், அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நான் சமையக்காரன்ட்ட தேங்கா கொறச்சுத்தான் சொல்லிட்டேன்டே" என்றார். "ஆளு அவ்வளவு வரும்னு நெனைக்கல."

"சோதிய விடுண்ணே."

"இல்ல, சொல்லுதேன்."

"விடுண்ணே" என்று சித்தப்பா மறுபடி அழுதார். இந்தத் தடவை யாருக்கும் காரணம் தவறாகப் படவில்லை.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும், மாமாவின் வாட்ஸப் இல்லாதிருந்தால். மறுப்புச் செய்தி போடச் சொன்னோம். மாமா பதற்றத்தில், "அண்ணாச்சி வீட்டில் இருக்கிறார்" என்று மட்டும் போட்டார். அதைப் படித்தவர்கள், உடல் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது என்று புரிந்துகொண்டு, அவசர அவசரமாகக் கிளம்பிவிட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தெருவில் ஏழெட்டு வண்டி. இரண்டு பேர் ஆளுயர ரோஜா மாலையோடு வந்தார்கள்.

அப்பா ஒரு நாற்காலியை எடுத்து வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் படியேறும்போதே அவரைப் பார்த்து விறைத்து நிற்பார்கள். "வாங்க, உள்ள போங்க, காப்பி குடிங்க" என்பார். வீரவநல்லூரிலிருந்து வந்த ஒரு பெரியவருக்குப் பார்வை மட்டு. அப்பாவின் கையையே பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி எப்பம் தவறினாவ?" என்று கேட்டார்.

"போன செவ்வாக்கெழமைன்னு பேசிக்கிடுதாவ" என்றார் அப்பா.

(அந்தப் பெரியவரை மறுவாரமே எங்கள் கடைக்குக் கூட்டிவந்து கண் பார்த்தேன். எந்தக் கண்ணாடி போட்டாலும் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கிறது என்றார்.)

எதிர்க்கடை வைத்திருந்து வருஷக்கணக்கில் அப்பாவோடு முறைத்துக்கொண்டிருந்த உரக்கடைக்காரர், தெருமுனையிலேயே அழ ஆரம்பித்து வாசல்வரை அழுதுகொண்டு வந்தார். அவர் அழுததில் அப்பாவுக்கு ஏற்பட்ட சந்தோஷம் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. இன்னின்னார் வரவில்லை என்று கணக்குப் பார்த்து, அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு இனிமேல் போவதில்லை என்றும் அங்கேயே முடிவெடுத்தார்.

அத்தனை பேருக்கும் காப்பி போட்டு அம்மாவும் சித்தியும் சோர்ந்துபோனார்கள். கொஞ்சம் ஓய்ந்த பிறகு சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏ குமாரு, ஒரு மனுசன இருக்கும்போதே போகவச்ச அடுப்பு எப்படித்தான் எரியும்னு காட்டு பாப்போம்."

பின்வாசலில் மூன்றையும் வைத்துப் பற்றவைத்தேன். அப்பாவும் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கவே இடமில்லை. குச்சி தள்ள வாசல் இருக்கிற மடிப்பு அடுப்புதான் உருப்படியானது என்றார் அப்பா. இரட்டைச் சுவரில் புகையே இல்லையே, அதைப் பார் என்றார் சித்தப்பா. "காத்தடிச்சா ஒன் அடுப்பு நிக்குமாண்ணே?" "மழ பேஞ்சா ஒன் அடுப்பு நிக்குமாடே?" மழை பெய்தால் எந்த அடுப்பும் நிற்காது என்று சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டேன். ஆறு வருஷப் பேச்சையும் சேர்த்து வைத்துப் பேசியது போல, சுள்ளி தீரும்வரை அடுப்பைப் பற்றியே பேசினார்கள். வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. பால் டப்பாவை இருவருமே ஒருமனதாக நிராகரித்தார்கள்.

இமயமலைக்குப் போனோமா என்று கேட்பீர்கள். போனோம். இரட்டைச் சுவர் அடுப்பை நான்தான் முதுகில் சுமந்தேன். இரண்டாம் நாள் மதியம் செல்வின் நின்று சுற்றுமுற்றும் பார்த்தான். நானும் பார்த்தேன். புல், பாறை, பனி. அந்த உயரத்துக்கு மேலே மரமே கிடையாது. ஒடிப்பதற்கு ஒரு சுள்ளி இல்லை. மூன்று அடுப்பையும் தலைகீழாக ஒப்பிட்டுப் பார்த்தவன், விறகு இருக்குமா என்று மட்டும் பார்க்கவில்லை. மீதி நாட்களும் வழியில் கூடாரக் கடை போட்டிருந்த ஒருவரிடம் நூடுல்ஸ் வாங்கித் தின்றோம். கேஸில் சமைத்தது.

அந்த ஆனி மாதத்திலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. வருஷா வருஷம் அந்த வாரம் வந்ததும் சித்தப்பா காலையிலேயே போன் போடுவார். "அண்ணே, இன்னிக்கு ஒனக்குத் திவசம்லா. என்ன சமையல்?" அப்பா முதலில் திட்டுவார். பிறகு என்னென்ன வேண்டும் என்று சொல்லுவார். மதியத்துக்குள் சித்தப்பா குடும்பத்தோடு வந்து இறங்கிவிடுவார். பரமசிவம் மாமாவும் வருவார், வழக்கம்போல முதல் ஆளாக. என்னை அன்றைக்கு அடுப்பங்கரைப் பக்கமே விடமாட்டார்கள்.

முடி வளர்ந்து, மீசையும் வளர்ந்து, எனக்கும் பெண் அமைந்தது. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் என் மனைவிக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. வீட்டில் ஒரே கூட்டம், வாழையிலை, வடை, பாயசம், உளுந்தஞ்சோறு. திவசம் என்று யாரோ சொன்னது மட்டும் அவள் காதில் விழுந்திருக்கிறது. பரிமாறிக்கொண்டே வந்தவள், மரியாதையாகக் குரலைத் தாழ்த்தி, "யாருக்கு மாமா திவசம்?" என்று அப்பாவிடமே கேட்டுவிட்டாள்.

சித்தப்பா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"எனக்குத்தாம்மா" என்றார் அப்பா. "இன்னொரு வட வை."